கார்ல லைசன்ஸ் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினா: அமெரிக்காவுல உங்க உரிமை எதுவரைக்கும்?

கேள்வி கேட்டவர் டெக்சஸ்ல இருக்கார், போன வருஷம் கிரீன் கார்டு வந்திருக்கு, இப்போ ஹேண்ட்கன் லைசன்ஸும் எடுத்துட்டு இடுப்புல துப்பாக்கியோட கார் ஓட்டறார். ட்ராஃபிக் ஸ்டாப்ல போலீஸ் நிறுத்தினா துப்பாக்கி இருக்குன்னு நானே சொல்லணுமா, அவர் அதை வாங்கி வெச்சுக்கலாமா, அதை சாக்கா வெச்சு காரை சோதிக்கலாமா, முடியாதுன்னு நான் சொல்லலாமான்னு நாலு கேள்வி கேட்டிருக்கார். நாலும் தனித்தனி சட்டக் கேள்வியா தெரிஞ்சாலும் அடியில ஓடறது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. நான் ஒரு தப்பும் பண்ணல, கவர்மெண்ட் குடுத்த லைசன்ஸ் பர்ஸ்ல இருக்கு, ஆனாலும் துப்பாக்கி வெச்சிருக்கேங்கற ஒரே காரணத்துக்காக அந்த போலீஸ்காரர் என்னை ஆபத்தான ஆளா நடத்தலாமா, அப்படி நடத்தினா மத்தவங்களுக்கு இருக்கற உரிமைல எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும், இதுதான் அவர் உண்மையில கேக்கறது.

நான் டல்லாஸ் பக்கம் 17 வருஷமா இருக்கேன், வார நாள்ல ஐடி வேலை, சனிக்கிழமைகள்ல லைசன்ஸ் கிளாஸ் எடுக்கற இன்ஸ்ட்ரக்டர், அது ஒம்பது வருஷமா ஓடிட்டு இருக்கு. வக்கீல் கிடையாது. கிளாஸ்ல பசங்க கேக்கற கேள்விக்கு தோராயமா பதில் சொல்லக் கூடாதுன்னு கோர்ட் தீர்ப்புகளை உக்காந்து படிக்க ஆரம்பிச்சு அதுவே பழக்கமாயிடுச்சு. அதனால கீழ சொல்றதுல கோர்ட்டே முடிவு பண்ணிட்ட விஷயம் எது, இன்னும் இழுபறியில இருக்கறது எது, என் அனுபவத்துல நான் சொல்றது எதுன்னு பிரிச்சே சொல்றேன். கேஸ்னு ஒண்ணு உங்க மேல விழுந்துட்டா இந்த பதிலை மூடி வெச்சுட்டு ஒரு கிரிமினல் வக்கீல்கிட்ட போங்க, கிரீன் கார்டு ஆளா இருந்தா இமிக்ரேஷன் வக்கீலையும் சேர்த்துப் பாருங்க.

கேட்டவர் கேக்காத ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதைப் படிக்கற நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் விசாவுல இருப்பீங்க. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 மாதிரி நான்-இமிக்ரண்ட் விசாவுல உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், டெக்சஸ்ல லைசன்ஸ் தேவையில்லைங்கறதெல்லாம் இவங்களைக் காப்பாத்தாது. வேட்டை லைசன்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு, ஆனா அதை நம்பி வக்கீலைக் கேக்காம யாரும் இறங்காதீங்க. இந்த குற்றத்துக்கு 2022ல தண்டனையை 10 வருஷத்துல இருந்து 15 வருஷம் வரைக்கும்னு ஏத்தினாங்க. புளோரிடாவுல படிக்க வந்த ஒரு வெளிநாட்டுப் பையன், காலேஜ்ல இருந்து எடுத்துட்டதால விசா ஸ்டேட்டஸ் போயிடுச்சு, ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில சுட்டான், தோட்டா வாங்கினான், அவ்வளவுதான், கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2019ல கோர்ட், தன்னோட ஸ்டேட்டஸ் சட்டவிரோதம்னு அவனுக்குத் தெரியும்னும் அரசாங்கம் நிரூபிக்கணும்னு சொல்லிச்சு. அது அவன் கேஸுக்கு உதவிச்சு, சட்டம் அப்படியேதான் இருக்கு. ஆக நீங்க கிரீன் கார்டு, உங்க ரூம்மேட் எச்-1பி, உங்க துப்பாக்கி கிளவ் பாக்ஸ்ல இருக்கற காரை அவர்கிட்ட ஓட்டக் குடுத்தீங்கன்னா, அவரை போலீஸ் நிறுத்தினா மாட்டறது அவர். கிரீன் கார்டு காரங்களுக்கு வெச்சிருக்க உரிமை இருக்கு, ஆனா துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆயிட்டா நாட்டை விட்டு அனுப்ப அதுவே போதுமான காரணம், மத்த அமெரிக்கர்களுக்கு அபராதத்தோட முடியறது நமக்கு அப்படி முடியாது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

இப்போ சந்தேகமே இல்லாத பகுதிக்கு வரேன். போலீஸ்காரர் உங்களை நிறுத்த ஒரு காரணம் வேணும், வேகமா போனீங்க, லைட் எரியல, ஏதோ ஒண்ணு. நிறுத்தினதுக்கு அப்புறம் காரை விட்டு இறங்குங்கன்னு சொன்னா இறங்கித்தான் ஆகணும், காரணம் கேட்டு வாதம் பண்ண இடமில்ல. இது 1977ல பென்சில்வேனியா கேஸ் ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொன்னது, நம்பர் பிளேட் காலாவதி ஆயிடுச்சுன்னு நிறுத்தின டிரைவரை இறங்கச் சொன்னாங்க, அவர் ஜாக்கெட்டுக்கு அடியில புடைப்பா தெரிஞ்சது, தடவிப் பாத்தா ரிவால்வர். பக்கத்து சீட்ல இருக்கறவங்களையும் இறக்கலாம்னு 1997ல சொல்லிட்டாங்க. அடுத்தது உடம்பைத் தடவிப் பாக்கறது, அதுக்கு 1968ல வந்த டெர்ரி தீர்ப்புதான் அடிப்படை, இந்த ஆள்கிட்ட ஆயுதம் இருக்கு, இவர் ஆபத்தானவர்னு நம்பறதுக்கு நியாயமான காரணம் இருந்தா மேலோட்டமா தடவலாம். 1983ல அதையே காருக்கும் நீட்டினாங்க, டிரைவர் ஆபத்தானவர், கை எட்டற இடத்துல ஆயுதம் இருக்கலாம்னு நியாயமா தோணினா சீட் பக்கத்துல, அடியில பாக்கலாம். இதுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஒரு வரம்பும் உண்டு, 2015ல ராட்ரிகஸ் கேஸ்ல, வார்னிங் எழுதிக் குடுத்து வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் ஏழெட்டு நிமிஷம் நிக்க வெச்சு போதைப்பொருள் மோப்ப நாயை காரைச் சுத்தி வரவெச்சது தப்புன்னாங்க. நிறுத்தின காரணம் முடிஞ்சா நீங்க கிளம்பலாம், தனியா வேற சந்தேகம் இல்லாம இழுத்தடிக்கக் கூடாது.

நானே சொல்லணுமாங்கற கேள்விக்கு நாடு முழுக்க ஒரே பதில் கிடையாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், நம்ம ஆளுங்க அதிகமா சறுக்கறது இங்கதான். மிச்சிகன், வட கரோலினா, லூசியானா மாதிரி இடங்கள்ல லைசன்ஸோட துப்பாக்கி வெச்சிருக்கறவர் போலீஸ் பேச ஆரம்பிச்ச உடனே அவரா வாய்விட்டு சொல்லியாகணும். மிச்சிகன்ல சொல்லாம விட்டா முதல் தடவையே 500 டாலர் அபராதம், லைசன்ஸும் ஆறு மாசம் சஸ்பெண்ட். ஓஹையோவுல இதே கட்டாயம் ரொம்ப வருஷமா இருந்து 2022 ஜூன்ல எடுத்துட்டாங்க, இப்போ கேட்டா உண்மை சொல்லணும், கேக்காட்டி இல்ல. மின்னசோட்டாவுலயும் கேட்டாத்தான். டெக்சஸ்ல, லைசன்ஸ் வெச்சிருக்கறவர்கிட்ட துப்பாக்கியும் இருந்து, போலீஸ் அடையாள அட்டை கேட்டா டிரைவர் லைசன்ஸோட ஹேண்ட்கன் லைசன்ஸையும் சேர்த்து நீட்டணும்னு சட்டம் சொல்லுது, காட்டாட்டி இருந்த தண்டனையை 2009ல எடுத்துட்டாங்க, கடமை மட்டும் மிச்சம் இருக்கு. 2021 செப்டம்பர் 1ல இருந்து டெக்சஸ்ல 21 வயசுக்கு மேல, வேற தடை இல்லாதவங்க லைசன்ஸே இல்லாம வெச்சுக்கலாம், அவங்களுக்கு தானா சொல்ற கடமையும் இல்ல. அப்போ எதுக்கு லைசன்ஸ்னு கிளாஸ்ல கேக்காத ஆளே இல்ல. வேற ஸ்டேட்டுக்குப் போகும்போது உதவும், ஸ்கூலைச் சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுங்கற ஃபெடரல் சட்டத்துல இருந்து அந்த ஸ்டேட்டோட லைசன்ஸ் இருந்தாத்தான் விலக்கு, அதோட ரோட்டோரத்துல ஒரு போலீஸ்காரர் கையில அந்த கார்டை நீட்டும்போது, பின்னணி சோதனை முடிஞ்ச ஆள் இவர்னு ஒரு வார்த்தை பேசாமலே அவருக்குத் தெரியுது. என் கணக்குல இந்த மூணாவது காரணம்தான் பெருசு.

ஸ்டேட் எல்லை தாண்டும்போது லைசன்ஸ் செல்லுமான்னு பாக்காம போனா என்ன ஆகும்னு 2013ல நியூ ஜெர்சியில நடந்த ஒண்ணு சொல்லும். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு அம்மா, பென்சில்வேனியா லைசன்ஸ் முறையா எடுத்தவங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில கார் ஓட்டும்போது நிறுத்தினாங்க. கிளாஸ்ல சொல்லிக் குடுத்த மாதிரி நேர்மையா என்கிட்ட லைசன்ஸும் துப்பாக்கியும் இருக்குன்னு சொன்னாங்க, அந்த இடத்துலயே கைது. நியூ ஜெர்சி மத்த ஸ்டேட் லைசன்ஸை ஏத்துக்கறதில்ல. கட்டாய ஜெயில் தண்டனை வர்ற மாதிரி கேஸ், பெரிய எதிர்ப்பு கிளம்பி அப்புறம் ஜெயிலுக்குப் பதிலா மாத்து ஏற்பாட்டுல விட்டாங்க, 2015ல கவர்னர் மன்னிப்பும் குடுத்தார். எல்லாருக்கும் கவர்னர் மன்னிப்பு கிடைக்காது. லாங் டிரைவ் போறவங்க போற வழியில இருக்கற ஒவ்வொரு ஸ்டேட்டையும் கிளம்பறதுக்கு முந்தின நாள் அந்தந்த ஸ்டேட் போலீஸ் வெப்சைட்ல பாருங்க, யூடியூப் வீடியோவை நம்பாதீங்க, இந்த சட்டமெல்லாம் வருஷா வருஷம் மாறுது.

துப்பாக்கியை வாங்கி வெச்சுக்கலாமான்னா, டெக்சஸ்ல வாங்கலாம். உங்க பாதுகாப்புக்கோ அவர் பாதுகாப்புக்கோ வேற யார் பாதுகாப்புக்கோ தேவைன்னு அவர் நியாயமா நினைச்சா எப்போ வேணா வாங்கலாம், லைசன்ஸ் இருக்கறவருக்கும் சரி இல்லாதவருக்கும் சரி. ஆனா லைசன்ஸ் இருக்கறவர் விஷயத்துல சட்டமே இன்னொரு வரியும் போட்டிருக்கு, ஆபத்து இல்ல, குற்றம் எதுவும் இல்ல, கைது பண்ணலன்னா உங்களை அனுப்பறதுக்கு முன்னாடி அந்த இடத்துலயே திருப்பிக் குடுத்துடணும். வாங்கினவர் கம்ப்யூட்டர்ல சீரியல் நம்பரைத் தட்டிப் பாப்பார், நிறைய பேர் பாக்கறாங்க. இது சரியாங்கறது எனக்கு சந்தேகப் பட்டியல்ல வர்ற விஷயம், 1987ல அரிசோனா கேஸ் ஒண்ணுல வீட்டுக்குள்ள இருந்த ஸ்டீரியோவை நகர்த்தி சீரியல் நம்பர் பாத்ததே ஒரு சோதனைதான், அதுக்கு தகுந்த காரணம் வேணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பாதுகாப்புக்காக சட்டப்படி கையில வாங்கின துப்பாக்கியில கண்ணுக்கு நேரா தெரியற நம்பருக்கு அது பொருந்துமான்னு அந்தக் கோர்ட் நேரா தீர்த்து வைக்கல.

இனிமேதான் உங்க கேள்வியோட மையத்துக்கு வரோம். மேல டெர்ரி தீர்ப்புல ஆயுதம் இருக்கு, ஆபத்தானவர்னு ரெண்டு சொல்லு இருந்துச்சே, அது ரெண்டு தனி நிபந்தனையா, இல்ல ஆயுதம் இருந்தாலே ஆபத்தானவர்னு ஒண்ணாயிடுமா? 1968ல துப்பாக்கியோட நடமாடறது நிறைய இடத்துல குற்றம், அதனால யாரும் இந்தக் கேள்வியை ஆழமா கேக்கல. 1972லயே ஒரு தீர்ப்புல, மறைச்சு துப்பாக்கி வெச்சிருக்கறது அந்த ஸ்டேட்ல சட்டப்படி சரியா தப்பாங்கறது தடவிப் பாக்கற உரிமையை பாதிக்காதுங்கற மாதிரி ஒரு வரி எழுதிட்டாங்க. இன்னைக்கு 29 ஸ்டேட்ல லைசன்ஸே வேண்டாம், 2022ல புரூயன் தீர்ப்புல வீட்டுக்கு வெளிய துப்பாக்கி வெச்சுக்கறதும் அரசியல் சாசன உரிமைன்னு சொல்லியாச்சு. உரிமையைப் பயன்படுத்தறதே ஒருத்தரை சந்தேகப்பட காரணம் ஆகுமா?

கோர்ட்டுகள் இதுல ரெண்டுபட்டு நிக்குது. மேற்கு வர்ஜீனியாவுல ரான்சன்ங்கற ஊர்ல, ஒரு கடை பார்க்கிங்ல ஒருத்தர் துப்பாக்கியில தோட்டா போட்டு பாக்கெட்ல வெச்சதைப் பாத்தேன்னு பேர் சொல்லாத போன் வந்துச்சு, சீட் பெல்ட் போடலன்னு காரை நிறுத்தி அந்த ஆளைத் தடவினாங்க. அப்போ அங்க லைசன்ஸ் இருந்தா மறைச்சு வெச்சுக்கறது சரி, அவருக்கு லைசன்ஸ் இருக்கா இல்லையான்னு போலீசுக்குத் தெரியாது. 2017ல நாலாவது சர்க்யூட் கோர்ட் (சர்க்யூட்னா சில ஸ்டேட்டுகளுக்கு சேர்த்து இருக்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட்) முழு பெஞ்சா உக்காந்து, சட்டப்படி நிறுத்தின ஒருத்தர்கிட்ட துப்பாக்கி இருந்தா அவர் ஆபத்தானவர்தான், தடவலாம்னு முடிவு பண்ணிச்சு. கூட சேர்ந்து எழுதின ஒரு ஜட்ஜ் இன்னும் ஒரு படி மேல போய், துப்பாக்கி வெச்சுக்கறேன்னு முடிவு எடுக்கறவர் மத்த சில பாதுகாப்புகளை விட்டுக்குடுத்துத்தான் ஆகணும்ங்கற பொருள்ல எழுதினார். எதிர்த்து எழுதின ஜட்ஜுங்க, அப்போ லைசன்ஸ் வெச்ச ஒவ்வொரு ஆளும் சின்ன ட்ராஃபிக் தப்புக்கு நிறுத்தினா ரோட்டுல கை தூக்கி நிக்கணுமான்னு கேட்டாங்க. மேரிலாண்ட், வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, ரெண்டு கரோலினா, இந்த அஞ்சு ஸ்டேட்டுக்கும் ஃபெடரல் கோர்ட்ல அந்த தீர்ப்புதான் பேசும்.

இதுக்கு நேர் எதிரா 2019ல பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. அலன்டவுன்ல ராத்திரி பெட்ரோல் பங்க்ல ஒருத்தர் இடுப்புல துப்பாக்கி இருக்கறதை கேமராவுல பாத்து போலீஸ் போய் வளைச்சுப் பிடிச்சாங்க, அவருக்கு லைசன்ஸ் இருந்துச்சு. ஒருத்தரைப் பாத்தா லைசன்ஸ் இருக்கா இல்லையான்னு தெரியாது, அதனால துப்பாக்கி இருக்குங்கறது மட்டுமே குற்றம் பண்றார்னு சந்தேகிக்க காரணம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. ஓஹையோவுல டொலீடோ நகரத்துல குடும்பத்தோட நாயை நடத்திட்டுப் போனவர் இடுப்புல வெளிய தெரியற மாதிரி துப்பாக்கி இருந்துச்சு, அது அங்க சட்டப்படி சரி, யாரோ போன் பண்ண போலீஸ் வந்து துப்பாக்கியைப் புடுங்கி விலங்கு போட்டாங்க. 2015ல ஆறாவது சர்க்யூட், சட்டம் அனுமதிக்கற ஒண்ணை செஞ்சாருங்கறதை வெச்சே நிறுத்தக் கூடாது, அந்த அதிகாரிக்கு வழக்குல இருந்து விலக்கு கிடையாதுன்னு சொல்லிச்சு. கவனிங்க, இந்த ரெண்டும் நிறுத்தறதைப் பத்தினது, மேற்கு வர்ஜீனியா கேஸ் வேற காரணத்துக்கு ஏற்கனவே நிறுத்தினதுக்கு அப்புறம் தடவறதைப் பத்தினது. அதனால ரெண்டும் மோதுதுன்னு சொல்றதுல கொஞ்சம் மிகை இருக்கு, ஆனா உள்ள ஓடற எண்ணம் மோதத்தான் செய்யுது. என் கருத்தைக் கேட்டா பென்சில்வேனியா கோர்ட் சொன்னதுதான் சரி, லைசன்ஸ் குடுத்த கையாலயே அந்த ஆளை சந்தேகப்படறது நியாயமே இல்ல, ஆனா இது என் கருத்து, உங்களை நிறுத்தின போலீஸ்காரர் இதைப் படிச்சிருக்க மாட்டார். ட்ராஃபிக் ஸ்டாப்ல நிக்கும்போது அவர் உங்களைத் தடவலாம்னே வெச்சுக்கிட்டு நடந்துக்குங்க, எதிர்க்கறதை கோர்ட்ல எதிர்க்கலாம்.

காரை முழுசா சோதிக்கறது வேற கதை. கை எட்டற இடத்துல ஆயுதத்துக்காகப் பாக்கறது ஒண்ணு, டிரங்கைத் திறந்து பையைக் கொட்டிப் பாக்கறது இன்னொண்ணு, அதுக்கு குற்றத்துக்கான தக்க ஆதாரம் வேணும், இல்லாட்டி உங்க சம்மதம் வேணும். சட்டப்படி வெச்சிருக்கற துப்பாக்கி மட்டுமே அந்த ஆதாரம் ஆகாது. அதனாலதான் ரொம்ப சாதாரணமா, கொஞ்சம் பாத்துக்கட்டுமா, தப்பா நினைக்க மாட்டீங்களேன்னு கேப்பாங்க. மறுக்க உரிமை இருக்குன்னு அவர் உங்களுக்குச் சொல்லணும்னு அவசியம் இல்ல, 1973லயே அப்படி தீர்ப்பு இருக்கு. நம்ம ஆளுங்க இங்கதான் வழுக்குவாங்க, போலீஸ் கேட்டு எப்படி இல்லைன்னு சொல்றதுன்னு தலையாட்டிடுவாங்க. மரியாதையா, ஆஃபீசர், நீங்க சொல்றதுக்கு நான் தடையா இருக்க மாட்டேன், ஆனா சோதனைக்கு என் சம்மதம் இல்லைன்னு ஒரு தடவை சொல்லுங்க, போதும். மறுத்ததையே காரணமாக் காட்டி சோதிக்க முடியாது. அதையும் மீறி பாத்தா பாக்கட்டும், குறுக்க கையை நீட்டாதீங்க, நீங்க சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவர் பாடி கேமராவுல பதிஞ்சிருக்கும், வக்கீலுக்கு அதுதான் தேவை.

வாயை மூடிட்டு இருக்கற உரிமைலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. 2013ல டெக்சஸ் கேஸ் ஒண்ணு, ஒரு கொலையைப் பத்தி கைது பண்ணாம பேசிட்டு இருக்கும்போது, அங்க கிடைச்ச தோட்டா உறை உன் ஷாட்கன்னோட பொருந்துமான்னு கேட்டதுக்கு அவர் பதில் பேசாம தலை குனிஞ்சுட்டார். அந்த மௌனத்தையே அவருக்கு எதிரா கோர்ட்ல சொன்னாங்க, பேசாம இருக்கற உரிமையைப் பயன்படுத்தறேன்னு அவர் வாய்விட்டு சொல்லலையேன்னு உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கிச்சு. அதனால பதில் சொல்ல வேண்டாம்னு நினைச்சா அதையே வார்த்தையா சொல்லணும். ட்ராஃபிக் ஸ்டாப்ல எங்க இருந்து வர்றீங்க, எங்க போறீங்கன்னு கேட்டா சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா துப்பாக்கி இருக்கான்னு கேட்டா இல்லைன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு அது கண்ணுல பட்டா அவர் மனசுல நீங்க வேற ஆளாயிடுவீங்க.

சட்டம் இதோட முடிஞ்சுது, ஆனா இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினாலும் பத்தாதுன்னு நான் கிளாஸ்ல சொல்றதுக்குக் காரணம் பிலாண்டோ காஸ்டீல். 2016 ஜூலை 6, மின்னசோட்டாவுல ஃபால்கன் ஹைட்ஸ். 32 வயசு, ஸ்கூல் கேன்டீன்ல வேலை பாத்தவர், லைசன்ஸ் இருந்துச்சு. பிரேக் லைட் எரியலன்னு நிறுத்தினாங்க, கொள்ளை கேஸ்ல தேடற ஆள் சாயல்ல இருக்கார்ங்கற சந்தேகமும் அந்த அதிகாரிக்கு இருந்துச்சு. அந்த ஸ்டேட்ல கேக்காம சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனாலும் அவர் சார் என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு உங்களுக்கு சொல்லிக்கறேன்னு மரியாதையா சொன்னார். எடுக்காதேன்னார் அதிகாரி, நான் எடுக்கலன்னார் இவர், அதைச் சொல்லி பத்து செகண்டுக்குள்ள ஏழு குண்டு. பக்கத்துல தோழி, பின்சீட்ல அவங்களோட நாலு வயசுக் குழந்தை. அதிகாரியை 2017 ஜூன்ல ஜூரி விடுதலை பண்ணிச்சு. முதல்ல டிரைவர் லைசன்ஸைக் கேட்டார், அதை எடுக்கப் போகும்போதுதான் துப்பாக்கின்னு வார்த்தை வந்துச்சு, கை நகர்ந்தது பர்ஸுக்கா துப்பாக்கிக்கான்னு அந்த ஜன்னல்ல நின்னவருக்கு பிரிக்கத் தெரியல, பயம் முந்திக்கிச்சு. இவர் பக்கம் ஒரு தப்பும் இல்லைன்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன். கறுப்பினத்தவரா இல்லாம இருந்திருந்தா இது நடந்திருக்குமான்னு அந்த ஊர் கவர்னரே அடுத்த நாள் வெளிப்படையா கேட்டார், நடந்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன்னும் சொன்னார். நம்ம நிறத்துல இருக்கறவங்க அதைக் காதுல வாங்கிக்காம இருக்க முடியாது.

அதுல நான் முக்கியமா பாக்கறது பர்ஸ் எங்க இருக்குங்கற கேள்வி, ஏன்னா அதுக்கு முந்தின வருஷமே நானும் அதுல மாட்டினேன். 2015ல என்னையே ராத்திரி பதினோரு மணிக்கு ஹைவேல நிறுத்தினாங்க, டெயில் லைட் ஒண்ணு போயிருந்துச்சு. கையை ஸ்டியரிங்ல வெச்சுட்டு நல்ல பிள்ளையா உக்காந்திருந்தேன், லைசன்ஸ் குடுங்கன்னார், வலது பின் பாக்கெட்டுக்கு கை போகப் பாத்துச்சு, அப்போதான் உறைச்சுது, பர்ஸுக்கு அரை ஜான் மேல அதே வலது இடுப்புல ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. சட்டையைத் தூக்காம பர்ஸை எடுக்க முடியாது. கையை அப்படியே ஸ்டியரிங்ல நிறுத்திட்டு, ஆஃபீசர் எனக்கு ஹேண்ட்கன் லைசன்ஸ் இருக்கு, அது வலது இடுப்புல இருக்கு, என் பர்ஸும் அதே பக்கம், எப்படி பண்ணட்டும்னு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசிச்சார், இறங்கச் சொன்னார், அவரே எடுத்து வெச்சுக்கிட்டார், வார்னிங்கோட அனுப்பினார். எனக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் கை நடுங்கிச்சு. அன்னையில இருந்து கார்ல உக்காரும்போது லைசன்ஸ் கார்டு ரெண்டையும் சன் வைசர்ல சொருகிடுவேன், இன்சூரன்ஸ் பேப்பரும் அங்கயே, கிளவ் பாக்ஸ்ல துப்பாக்கியும் இன்சூரன்ஸும் ஒண்ணா வைக்கவே கூடாது. காரை ஓரம் கட்டின உடனே, அவர் இன்னும் பின்னாடி உக்காந்திருக்கும்போதே ஜன்னல் இறக்கி உள் விளக்கைப் போட்டு கார்டுகளை டாஷ்போர்டு மேல வெச்சுட்டு ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. அவர் வந்தப்புறம் எதையும் தேட வேண்டியதே இல்ல. சொல்லும்போது துப்பாக்கிங்கற வார்த்தையை முதல்ல போடாதீங்க, லைசன்ஸ் இருக்குங்கறதுல ஆரம்பிங்க, எங்க இருக்குன்னு வாயால சொல்லுங்க, கையால காட்டாதீங்க, அவர் சொல்ற வரைக்கும் அசையாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பழக்கம். ஊர்ல ட்ராஃபிக் போலீஸ் நிறுத்தினா வண்டியை ஓரம் கட்டிட்டு இறங்கிப் போய் சார்னு பேசறதுதான் மரியாதை, உள்ளயே உக்காந்திருந்தா திமிர். இங்க அது தலைகீழ், கூப்பிடாம இறங்கி அவரைப் பாத்து நடந்தா அவர் கை ஹோல்ஸ்டருக்குப் போயிடும், இடுப்புல துப்பாக்கியோட இறங்கினா கேக்கவே வேண்டாம். ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா பின்சீட்ல இருந்தா அவங்ககிட்டயும் கிளம்பும்போதே சொல்லி வைங்க, பதட்டத்துல கதவைத் திறந்து எறங்கி என்னாச்சு சார்னு கேக்கற அப்பாக்களை நான் பாத்திருக்கேன்.

வீட்டு வாசலையும் சேர்த்துச் சொல்லிடறேன். வாரண்ட் இல்லாம, அவசரம் இல்லாம வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கறது உறுதியான சட்டம், 2021லயும் ஒரு கேஸ்ல, சமூக அக்கறைன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போய் துப்பாக்கிகளை எடுத்தது செல்லாதுன்னு ஒன்பது நீதிபதிகளும் ஒண்ணா சொன்னாங்க. ஆனா 2024 மே 3 அன்னைக்கு புளோரிடாவுல ரோஜர் ஃபோர்ட்சன்னு 23 வயசு ஏர் ஃபோர்ஸ் பையன், கதவு தட்டற சத்தம் கேட்டு சட்டப்படி வாங்கின துப்பாக்கியை தரையைப் பாத்துப் பிடிச்சுட்டு கதவைத் திறந்தான், திறந்த உடனே சுட்டுட்டாங்க. சுட்ட டெபுட்டி (ஷெரிஃப் ஆஃபீஸ் போலீஸ்காரர்) மேல பின்னாடி கேஸ் போட்டாங்க. வெளிய போலீஸ்னு சத்தம் கேட்டா துப்பாக்கியை உள்ள வெச்சுட்டு, கதவு மூடியிருக்கும்போதே பேசுங்க, உண்மையிலேயே போலீஸான்னு சந்தேகமா இருந்தா 911ல கேட்டு உறுதி பண்ணிக்கலாம்.

கடைசியா, துப்பாக்கியை வாங்கினவர் திருப்பிக் குடுக்கற நேரம். பெரும்பாலும் தோட்டாவை எடுத்துட்டு மேகஸின் (தோட்டா போடற பெட்டி) தனியா, துப்பாக்கி தனியா டிரங்க்லயோ சீட்லயோ வெச்சுட்டு, நான் கிளம்பற வரைக்கும் தொடாதீங்கம்பார். தொடாதீங்க. அவர் பார்வையில நீங்க அங்கயே மேகஸினைப் போட்டு ஸ்லைடை இழுத்தா அதுவரைக்கும் நடந்த நல்லதெல்லாம் போயிடும். அவர் கார் போனதுக்கு அப்புறம் அடுத்த எக்ஸிட்ல வெளிச்சமான பார்க்கிங் பாத்து நிறுத்தி, யார் கண்ணுலயும் படாம கார்க்குள்ளயே ஹோல்ஸ்டர்ல வெச்சுக்குங்க. நடந்தது தப்புன்னு தோணினா அன்னைக்கு ராத்திரியே தேதி, நேரம், ரோடு, அவர் பேட்ஜ் நம்பர், யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி வைங்க, பாடி கேமரா வீடியோ வேணும்னு வக்கீல் மூலமா சீக்கிரம் எழுதிக் கேளுங்க, அதை எல்லாத்தையும் காலம் முழுக்க வெச்சிருக்க மாட்டாங்க.